தூங்க ஒரு இடம் கேட்டார்கள்: பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனைப் பணியாளர்களின் பயம்

2020-இன் தொடக்கத்தில், கோவிட் பரவியபோது, சீனாவின் சாங்ஷா நகரில் உள்ள இரண்டாம் சியாங்யா மருத்துவமனை தன் பணியாளர்களுக்காக ஒரு மனநல உதவித் திட்டத்தைத் தயாரித்தது. பார்த்துப் பார்த்துச் செய்த திட்டம்தான். இணையவழிப் பாடங்கள், தொலைபேசியில் பேச ஆலோசகர்கள், கூட்டாகச் சேர்ந்து இறுக்கத்தைத் தளர்த்திக்கொள்ள நிகழ்ச்சிகள் என்று எல்லாம் இருந்தன. ஆட்கள்தான் வரவில்லை. செவிலியர்கள் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள், ஓய்வெடுக்கச் சொன்னால் மறுத்தார்கள், மனம் படும் பாடு வெளியிலேயே தெரிந்தது. ஆனால் கேட்டால், தங்களுக்கு ஒன்றுமில்லை என்றே சொன்னார்கள்.

வராதவர்களைக் குறை சொல்லிவிட்டு மருத்துவமனை ஒதுங்கவில்லை. 13 பணியாளர்களிடம் அரை மணி நேரம் பேசி விசாரித்தது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. வேலையில் இறங்கிவிட்ட பிறகு, தனக்குத் தொற்று வந்துவிடுமோ என்பது அவர்களுடைய முதல் கவலையாக இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்பதுதான் அரித்தது. பயந்துபோய் முரண்டு பிடிக்கும் நோயாளியை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. கவசங்கள் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்ற கவலை. கண்ணெதிரே மோசமாகிக்கொண்டே போகும் நோயாளியின் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் இயலாமை. மனநல நிபுணர் வேண்டாம், யாரும் வந்து எழுப்பாத ஓய்வும் போதுமான பாதுகாப்புப் பொருட்களும் கிடைத்தால் போதும் என்று பலர் சொன்னார்கள். லான்செட் சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் அந்த ஆண்டே இது ஒரு சிறு குறிப்பாக வெளிவந்தது.

கோவிட் காலத்து மருத்துவப் பணியாளர்களின் மனநலம் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. அத்தனையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் குறிப்புதான். பயப்படும் பணியாளரைப் பார்த்ததும், அவர் மனதில் ஏதோ பலவீனம், அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நினைப்பது நிர்வாகங்களின் வழக்கம். ஆனால் அந்தப் பயத்தில் பெரும் பகுதி, அவர் நிற்கும் இடம் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றிய சரியான தகவல். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பவர் சுடுகிறது என்று சொன்னால், முதலில் செய்ய வேண்டியது நெருப்பைப் பார்ப்பது.

அந்தப் பயத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை அமெரிக்காவில் நடந்த ஒரு சிறு முயற்சி இன்னும் தெளிவாகக் காட்டியது. தொற்று அங்கே பரவத் தொடங்கிய முதல் வாரத்திலேயே மருத்துவர்கள், செவிலியர்கள் என 69 பேரை எட்டு அமர்வுகளில் உட்காரவைத்து, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டார்கள். மருத்துவர் டெய்ட் ஷானஃபெல்ட்டும் அவருடைய இரண்டு சகாக்களும் 2020 ஏப்ரலில் ஜாமா என்ற மருத்துவ இதழில் அதைத் தொகுத்து எழுதினார்கள். எட்டுக் காரணங்கள் வந்தன. கவசம் கிடைக்குமா? வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோவேனா? அறிகுறி வந்தால் பரிசோதனை சீக்கிரம் நடக்குமா? எனக்கு நோய் வந்தால் நிறுவனம் என்னையும் குடும்பத்தையும் பார்த்துக்கொள்ளுமா? பள்ளிகளை மூடிவிட்டார்கள், வேலை நேரம் கூடிவிட்டது, குழந்தையை யார் பார்ப்பது? சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்துக்கு என்ன வழி? பழக்கமில்லாத வார்டுக்கு மாற்றினால் ஒழுங்காக வேலை செய்வேனா? சரியான தகவல் எனக்கு நேரத்துக்கு வந்து சேருமா?

இந்தப் பட்டியலை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். கவசம், பரிசோதனை, குழந்தைப் பராமரிப்பு, பயிற்சி, தகவல். கிட்டத்தட்ட எல்லாமே நிர்வாகம் கையில் இருக்கும் விஷயங்கள். மூச்சுப் பயிற்சியால் தீரக்கூடியது இதில் ஒன்றுகூட இல்லை.

கவசம் கழற்றும் அறை

வெளியில் இருப்பவர்களுக்கு, தொற்று வார்டுக்குள் நுழைவதுதான் பயங்கரமான நேரம் என்று தோன்றும். உள்ளே வேலை பார்த்தவர்களைக் கேட்டால் வெளியே வரும் நேரத்தைச் சொல்வார்கள். கவசத்தை அணியும்போது அது சுத்தமாக இருக்கிறது. கழற்றும்போது அதன் வெளிப்பக்கம் முழுக்கக் கிருமி இருக்கக்கூடும். ஆறு எட்டு மணி நேரம் வியர்வையில் ஊறி, கண்ணாடி மங்கி, மூக்குத்தண்டில் முகக்கவசம் அழுந்திப் புண்ணாகி, கழிப்பறைக்குப் போக நேரும் என்பதால் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுவிட்டு, உடம்பு விட்டுப்போன அந்த நேரத்தில்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். கையுறை, அங்கி, கண்ணாடி, கடைசியில் முகக்கவசம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். வெளிப்பக்கம் தோலில் படக்கூடாது, உதறக்கூடாது. நடுவில் நெற்றி அரிக்கும்.

அப்புறம் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரே யோசனை. இடது கையுறையைக் கழற்றும்போது விரல் மணிக்கட்டில் பட்டதா? பட்டது போலவும் இருக்கிறது, படாதது போலவும் இருக்கிறது. இந்தக் கேள்விக்கு அன்று இரவு பதில் கிடையாது. ஐந்தாறு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அடுத்த டியூட்டி, அடுத்த கழற்றல், அடுத்த சந்தேகம். பழைய சந்தேகம் தீர்வதற்கு முன்பே புதியது சேர்ந்துகொள்கிறது. வீட்டில் குழந்தை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும்போது கத்தி நிறுத்த வேண்டியிருக்கிறது. பல பேர் மாதக்கணக்கில் தனி அறையில் படுத்தார்கள், வாசலிலேயே துணி மாற்றினார்கள், கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார்கள்.

உடம்பின் கணக்குப்படி பயம் குறுகிய நேரத்துக்கானது. ஆபத்து தெரிந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது, கவனம் கூர்மையாகிறது. அடுத்து கார்டிசால் என்ற ஹார்மோன் உயர்ந்து உடம்பைத் தயார்நிலையில் வைத்திருக்கிறது. ஆபத்து விலகியதும் எல்லாம் தணிய வேண்டும். பெருந்தொற்றில் அந்தத் தணிவு வருவதே இல்லை. இரவு டியூட்டியும் மாறி மாறி வரும் ஷிஃப்ட்டும் ஏற்கெனவே தூக்கத்தைக் குலைத்திருக்கும். அதன் மேல் இந்த ஓயாத விழிப்பும் சேரும்போது தலைவலி, படபடப்பு, மறதி, காரணமில்லாத கோபம் என்று உடம்பு ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குகிறது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2020 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 3 வரை சீனாவில் 34 மருத்துவமனைகளைச் சேர்ந்த 1,257 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 50.4 சதவீதம் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள், 44.6 சதவீதம் பேரிடம் பதற்றம், 34 சதவீதம் பேரிடம் தூக்கமின்மை, 71.5 சதவீதம் பேரிடம் மன உளைச்சல். பெண்கள், செவிலியர்கள், வூஹானில் இருந்தவர்கள், நோயாளிகளை நேரடியாகக் கவனித்தவர்கள் ஆகியோரிடம் பாதிப்பு கடுமையாக இருந்தது. அந்த ஆய்வை உலகம் முழுக்க மேற்கோள் காட்டினார்கள்.

இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, மருத்துவப் பணியாளர்களில் பாதிப் பேருக்கு மனநோய் என்று எழுதியவர்களும் உண்டு. அது தவறு. ஆய்வில் இருந்தவை கேள்வித்தாள்கள். கடந்த சில நாட்களாகத் தூக்கம் எப்படி, பதற்றம் எப்படி என்று கேட்டு மதிப்பெண் போடுபவை. ஊரே அடைபட்டுக் கிடக்கும்போது, சக ஊழியர் ஒருவர் வென்டிலேட்டரில் படுத்திருக்கும்போது, சரியாகத் தூங்கவில்லை என்று பதில் எழுதுவது நோயல்ல. அந்தச் சூழலில் நிம்மதியாகத் தூங்கியவரைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். இவர்களில் பெரும்பாலோர் ஆபத்து விலகியதும், ஓய்வு கிடைத்ததும், சுற்றி இருப்பவர்கள் துணை நின்றால் தேறிவிடக்கூடியவர்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் அது தானாகத் தீராது. அந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் குழப்பினால், முதல் கூட்டத்தை வீணாக நோயாளி ஆக்குவோம், இரண்டாவது கூட்டத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்த 1,257 பேரும் மருத்துவர்கள், செவிலியர்கள் மட்டுமே. துப்புரவுப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், ஆய்வகத்தில் மாதிரிகளைக் கையாள்பவர், துணி துவைக்கும் இடத்தில் வேலை செய்பவர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பிணவறை ஊழியர் ஆகியோர் அதில் இல்லை. இந்த ஒரு ஆய்வை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை, பெரும்பாலான ஆய்வுகள் அப்படித்தான். வார்டுத் தரையில் சிந்திய வாந்தியைத் துடைத்தவருக்கு வைரஸ் எப்படிப் பரவுகிறது என்று உட்காரவைத்து விளக்கியவர்கள் குறைவு. பல இடங்களில் அவர் ஒப்பந்தத் தொழிலாளி. நோய் வந்து படுத்தால் சம்பளம் நின்றுவிடும். தெரியாத ஆபத்தும் வருமானப் பயமும் சேர்ந்த அவருடைய பயத்தை அளக்கக்கூட யாரும் வரவில்லை.

உயிரிழப்பும் கற்பனையல்ல. வூஹானில் புதிய நோயைப் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்த கண் மருத்துவர் லீ வென்லியாங் 2020 பிப்ரவரி 7 அன்று அதே நோயால் இறந்தார். 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகம் முழுவதும் 80,000 முதல் 1,80,000 வரை மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்கள் கோவிட் தொற்றால் இறந்திருக்கலாம் என்றும், நடுவாக 1,15,500 என்று கொள்ளலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மதிப்பீட்டின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு லட்சம் உயிர்கள். சரியாக எண்ணி வைக்கக்கூட இல்லை என்பதே அதன் பொருள்.

இதற்கு முன்னும் பாடம் இருந்தது. 2003-இல், கோவிட் போலவே வைரஸால் வரும் சுவாச நோயான சார்ஸ் பரவியபோது உலகில் நோய் கண்டவர்களில் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். கனடாவில் அது 43 சதவீதம், சிங்கப்பூரில் 41 சதவீதம். வியட்நாமின் ஹனோயில் அந்த நோயை முதலில் அடையாளம் கண்டு உலகை எச்சரித்த இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானியும் 2003 மார்ச் 29 அன்று அதற்கே பலியானார். சில மாதங்களில் சார்ஸ் அடங்கிவிட்டது. மனதில் அது அடங்கவில்லை. கனடாவில் சார்ஸ் நோயாளிகளைப் பார்த்த டொராண்டோ மருத்துவமனைகளின் பணியாளர்களையும், சார்ஸ் எட்டாத ஹாமில்டன் மருத்துவமனைகளின் பணியாளர்களையும் 13 முதல் 26 மாதங்கள் கழித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். டொராண்டோவில் பணிச்சோர்வும் மன உளைச்சலும் கூடுதலாக இருந்தன. வேலை நேரத்தையும் நோயாளிகளை நேரில் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டவர்களும் அங்கே அதிகம். யார் ஓரளவு தப்பினார்கள் என்பதிலும் ஒரு விடை கிடைத்தது. தங்களுக்குப் போதுமான பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்தவர்களிடம் நீண்டகாலப் பாதிப்பு குறைவு. கோவிட் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கையில் இருந்த விடை இது.

மனசாட்சியில் படும் காயம்

பயத்தை விடவும் ஆழமாகப் போகும் ஒன்று உண்டு. வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோனதன் ஷே 1990-களில் அதைப் பற்றி எழுதினார். சரியென்று தான் நம்பும் ஒன்றைச் செய்ய முடியாமல் போகும்போதோ, தவறென்று தெரிந்ததைச் செய்ய வேண்டி வரும்போதோ ஏற்படும் காயம். மனசாட்சிக் காயம் என்று சொல்லலாம். குண்டுக்குப் பயந்தவர் போர் முடிந்ததும் தேறக்கூடும். இந்தக் காயம் பட்டவர், நான் என்ன மனுஷன் என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார்.

தொற்று வார்டுகளில் இது எப்படி நடந்தது என்று பாருங்கள். உறவினர் யாரும் உள்ளே வர அனுமதியில்லை. மூச்சு அடங்கிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர். செவிலியர் தன் இரட்டைக் கையுறைக்குள் ஒரு கைபேசியைப் பிடித்து அவர் முகத்துக்கு நேராகக் காட்டுகிறார். கையுறை விரலுக்குத் தொடுதிரை சரியாக வேலை செய்யாது, இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டும். திரையில் மகள் அழுகிறாள், அப்பா கேட்கிறதா என்கிறாள். கேட்கிறதா என்று செவிலியருக்கும் தெரியாது, ஆனாலும் கேட்கிறது என்று சொல்கிறார். பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடிக்கிறது. அழைப்பை எப்போது துண்டிப்பது? சாதாரண நாளில் குடும்பமே சுற்றி நின்று செய்யும் கடமையை அவர் ஒருவர் செய்கிறார், அதுவும் அரைகுறையாக, முகம் தெரியாத கவசத்துக்குள் இருந்து. யாரிடம் பேசுகிறோம் என்று நோயாளிக்குத் தெரியட்டும் என்பதற்காகச் சிலர் அங்கியின் மார்பில் தங்கள் பெயரைப் பேனாவால் எழுதிக்கொண்டார்கள்.

இதைத் தினமும் செய்தவர்களில் சிலருக்குக் கொஞ்ச நாளில் ஒன்றும் உறைக்காமல் போனது. நோயாளி பெயர் போய், ஏழாம் கட்டில் என்று ஆனார். மனதைக் காத்துக்கொள்ள மனம் செய்யும் வேலை அது. பணிச்சோர்வை ஆராய்ந்த உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதன் மூன்று முகங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்: உணர்வு வற்றிப்போவது, மனிதர்களிடமிருந்து விலகி மரத்துப்போவது, தான் செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. பணிச்சோர்வு என்பது ஒரு நோய் அல்ல, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் வகைப்படுத்தியிருக்கிறது. அதாவது கைவைக்க வேண்டிய இடம் வேலைச் சூழல்.

வெளியுலகம் இவர்களை இரண்டு விதமாக நடத்தியது. இரண்டுமே சுமைதான். பிரிட்டனில் 2020 மார்ச் 26 தொடங்கிப் பத்து வாரங்கள் வியாழன்தோறும் இரவு எட்டு மணிக்கு மக்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். அதே வசந்த காலத்தில் மெக்சிகோவில் செவிலியர்கள் மீது பிளீச்சிங் திரவத்தை ஊற்றினார்கள், சீருடையோடு தெருவில் போக வேண்டாம் என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய நிலை வந்தது. பல நாடுகளில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கைதட்டியவர்களின் அன்பைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் வீரர் என்ற பட்டத்தைச் சூட்டிய பிறகு அந்த மனிதர், பயமாக இருக்கிறது, இன்று வரமுடியாது என்று எப்படிச் சொல்வார்?

சொல்ல முடியாமல் போவதற்கு வேலை சார்ந்த காரணமும் உண்டு. நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநலச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் மருத்துவ உரிமமே போய்விடும் என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தினர் சொன்னார்கள். அவர் பெயரிலேயே மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கான ஒரு சட்டம் 2022 மார்ச்சில் அமெரிக்காவில் வந்தது. உதவி எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டு, உதவி கேட்டவரைப் பதவி உயர்வில் ஒதுக்கும் இடத்தில் அந்த எண்ணை யாரும் அழைக்க மாட்டார்கள்.

சரி, என்ன செய்தால் பயன்? நேர்மையாகச் சொன்னால், பெருந்தொற்று நேரத்தில் எந்த மனநலத் திட்டம் எவ்வளவு பலன் தரும் என்பதற்கு வலுவான ஆதாரம் மிகச் சொற்பமே. என்ன செய்யக்கூடாது என்பது ஓரளவு தெரியும். கோரமான ஒன்று நடந்த உடனே எல்லோரையும் கூட்டி, நடந்ததையும் உணர்ந்ததையும் விவரமாகச் சொல்லவைக்கும் ஒற்றை அமர்வை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. கேட்பதற்கு நல்லதாகத் தோன்றும், ஆனால் ஆறாத புண்ணைக் கிளறுவது போல ஆகலாம். அதே நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு வேறு வழியைச் சொல்கிறது: பார், கேள், இணை. யார் தவிக்கிறார் என்று கவனிப்பது, சொல்ல வந்தால் மட்டும் காது கொடுப்பது, அவருக்குத் தேவையானதோடு அவரைச் சேர்த்துவிடுவது. தேவை சாப்பாடாக இருக்கலாம், வீட்டுக்கு ஒரு போன் அழைப்பாக இருக்கலாம், மனநல மருத்துவராகவும் இருக்கலாம்.

மற்றபடி வார்டு மட்டத்தில் செய்யக்கூடியவை சாதாரணமாகத் தெரியும் காரியங்கள். புதிதாக வந்தவரை அனுபவசாலி ஒருவரோடு ஜோடி சேர்ப்பது. கவசம் கழற்றும்போது ஒருவர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியையும் பார்த்துச் சொல்வது. இந்த ஒரு ஏற்பாடு அந்த இரவு நேரச் சந்தேகத்தைப் பாதியாகக் குறைக்கும் என்பது என் எண்ணம். கடும் வார்டில் சில வாரம், எளிய வார்டில் சில வாரம் என்று சுழற்சி. கவசம் இருப்பு எவ்வளவு என்பதை மறைக்காமல் தினமும் சொல்வது. குறைவாக இருந்தால் குறைவு என்றே சொல்லலாம், வதந்தியை விட அது மேல். மேலதிகாரி வாரம் ஒருமுறையாவது வார்டுக்குள் வந்து முகம் காட்டுவது. அலை ஓய்ந்த பிறகும் ஓராண்டு இரண்டாண்டு கண்காணிப்பது, ஏனென்றால் பலருக்கு ஓட்டம் நின்ற பிறகுதான் கால் நடுங்கத் தொடங்குகிறது.

சாங்ஷா மருத்துவமனையும் தன் திட்டத்தை மாற்றியது. குடும்பத்திலிருந்து விலகி இருக்க விரும்புபவர்கள் தங்கித் தூங்க ஓர் இடம் ஏற்பாடு செய்தது. சாப்பாட்டையும் அன்றாடத் தேவைகளையும் உறுதி செய்தது. தங்கள் வேலை நாள் எப்படிப் போகிறது என்று பணியாளர்கள் வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்ப உதவியது, வீட்டார் கொஞ்சம் நிம்மதி அடையட்டும் என்று. கவசம் பயன்படுத்துவதற்கு விதிமுறை வகுத்தது. நோயாளிகளின் பயத்தைக் கையாளப் பயிற்சி கொடுத்தது, முரண்டு பிடிப்பவர்களைச் சமாளிக்கப் பாதுகாவலர்களை நிறுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்த ஓய்விடத்தைப் பயன்படுத்த முடிந்தது, வீட்டில் இருப்பது போல இருக்கிறது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். மனநல ஆலோசகர்களும் தங்கள் அறையில் காத்திருக்காமல், அந்த ஓய்விடத்துக்கே அடிக்கடி போய் உட்கார்ந்தார்கள். அங்கே இருந்தவர்கள் அன்றைய கஷ்டத்தைச் சொன்னால் கேட்டுக்கொண்டார்கள்.